மார்கழிப் பனியும் சைக்கிள் செயினும்

மேலூர் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "செயினுக்குத் தேங்காய் எண்ணெய்தான் விடுகிறேன். மார்கழிக் காலையில் மட்டும் கரகரவென்று சத்தம் வருகிறதே, ஏன்?"

தேங்காய் எண்ணெய் சுமார் 24 டிகிரிக்குக் கீழே உறையும். மதுரைப் பக்கம் மார்கழி விடியலில் 20, 21 வரை இறங்குகிறது. நல்லெண்ணெய் உறையாது, ஆனால் நாள்பட அகல் விளக்கின் விளிம்பில் படிவதுபோல் பிசுக்காகிவிடும். இரண்டும் வேண்டாம்.

செயின் தேய்வது வெளிப்பக்கத்தில் அல்ல. கண்ணிகளைக் கோக்கும் பின் என்ற சிறு கம்பிக்கும் அதைச் சுற்றிய புஷ் என்ற குழலுக்கும் நடுவிலுள்ள மெல்லிய இடுக்கில். பின்சக்கரத்துப் பல் சக்கரத்தில் 18 பல் இருந்தால், அதில் ஏறும் ஒவ்வொரு கண்ணியும் 20 டிகிரி கோணம் மடங்கும், இறங்கும்போது நிமிரும். ஒவ்வொரு மடங்கலிலும் எண்ணெய் பிதுங்கி வெளியேறும். அதைத் திரும்ப உள்ளே இழுப்பது நுண்துளை ஈர்ப்பு, விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுகிறதே, அதே விசை. இடுக்கு குறுகக் குறுக இழுப்பு கூடும் என்பதுதான் இதன் அழகு! எங்கே உரசல் அதிகமோ அங்கே எண்ணெய் தானே போய்ச் சேர்கிறது. உறைந்த எண்ணெய் ஓடாது. பிதுங்கியது பிதுங்கியதுதான், இரும்பு இரும்போடு உரசும். வாசகர் கேட்ட சத்தம் அதுதான். கிரீஸும் உள்ளே போகாது. வெளியே அப்பிக்கொண்டு புழுதி சேர்க்கும்.

இந்த இழுப்புக்கு எண்ணெய், தண்ணீர் என்ற பேதமில்லை. ஐப்பசி மழையும் மார்கழிப் பனியும் அதே இடுக்கில் ஏறித் தங்கித் துருவாகும். தையல் மிஷின் எண்ணெய் நன்றாக உள்ளே போகும், ஆனால் ஒரு மழைக்குத் தாங்காது. ஆகவே எண்ணெய் உள்ளே போகும்போது நீர்த்தும், தங்கும்போது கெட்டியாகவும் இருக்க வேண்டும். அதற்கான கலவை இது:

புது 20டபிள்யூ-40 இன்ஜின் ஆயில் ஒரு பங்கு, பெயின்ட் கடை டர்பன்டைன் மூன்று பங்கு. அடுப்பு, பீடி நெருப்பு இல்லாத இடத்தில் கலக்குங்கள். ஒர்க்‌ஷாப் கழிவு ஆயில் கூடாது, அதில் இரும்புத் துகள் இருக்கும். செயினை மண்ணெண்ணெயில் பிரஷ் போட்டுக் கழுவி, நன்றாகக் காயவிட்டு, கண்ணிக்கு ஒரு சொட்டு வீதம் உள்பக்கமாக விட்டு, பெடலைப் பின்னோக்கிச் சுற்றுங்கள். ராத்திரி முழுக்க விட்டால் டர்பன்டைன் ஆவியாகி, ஆயில் மட்டும் இடுக்கில் நிற்கும். காலையில் வெளிப்பக்கத்தை உலர்ந்த துணியால் அழுத்தித் துடைத்துவிடுங்கள். பலரும் விட்டுவிடும் வேலை இது. வெளியே மினுங்கும் எண்ணெயில் வைகை மணல் ஒட்டினால் அது சாணைக்கல்.

பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு விலையில்லா சைக்கிள் தரும் அரசு, கூடவே ஒரு குப்பி எண்ணெயும் இந்தச் செய்முறையும் தந்தால் எவ்வளவோ செயின்கள் பிழைக்கும்.

பழைய செயினை ஸ்கேலில் அளந்து பாருங்கள். புதிதில் 24 கண்ணி 304.8 மில்லிமீட்டர். 308 ஆகிவிட்டால் எந்த எண்ணெயும் உதவாது; பல் சக்கரமும் தேயுமுன் மாற்றிவிடுங்கள்.