சங்கத்தின் தீர்மானப் புத்தகமும் போட்டிச் சட்டமும்

ராணிப்பேட்டைப் பக்கத்துத் தொழில் சங்கம் ஒன்றின் செயலாளர் ஒரு நாள் தீர்மானப் புத்தகத்தோடு என் வேலூர் அலுவலகத்துக்கு வந்தார். கூலிக்குத் தோல் பதனிட்டுத் தரும் டேனரிகள் சதுர அடிக்கு இன்ன தொகைக்குக் குறைவாக வேலை எடுக்கக் கூடாது, மீறினால் அபராதம் என்று எழுதி, கீழே வரிசையாகக் கையெழுத்தும் ரப்பர் ஸ்டாம்பும் வைத்திருந்தார்கள். மீறிய உறுப்பினர் ஒருவருக்கு நான் வக்கீல் நோட்டீஸ் அனுப்ப வேண்டுமாம். போட்டிச் சட்டம், 2002-இன் 3-ஆம் பிரிவு தடுக்கும் விலை உடன்பாட்டுக்கு இதைவிடத் தெளிவான சாட்சியத்தை யாரும் தேடிப் பிடிக்க முடியாது.

1890-லேயே இத்தகைய உடன்பாடுகளைத் தடுக்கும் ஷெர்மன் சட்டம் வந்துவிட்ட அமெரிக்காவில், இப்படிக் கூடிப் பேசுகிறவர்கள் தடயத்தை மறைக்கப் பழகிவிட்டார்கள். நம்மவர்கள் மினிட்ஸ் எழுதுகிறார்கள். லைசென்ஸும் கட்டுப்பாட்டு விலையும் இருந்த காலத்தில் அரசே சங்கங்களை அழைத்துப் பேசியதால், ஒரே விலை என்பது ஒற்றுமையாகவே மனதில் பதிந்துவிட்டது. 1969-ஆம் ஆண்டின் ஏகபோகத் தடைச் சட்டமும் பெரும்பாலும் பெரிய தொழில் குழுமங்களின் பருமனையே பார்த்தது. தாராளமயத்துக்குப் பின், 1999-இல் அமைந்த ராகவன் குழுவின் பரிந்துரையை ஒட்டிப் புதிய சட்டம் வந்தாலும், அதன் 3, 4-ஆம் பிரிவுகள் 2009 மே 20 அன்றுதான் நடைமுறைக்கு வந்தன. தென்னாப்பிரிக்கா 1998-லும், இந்தோனேசியா 1999-லும் இதே வழிக்கு வந்தவை. சட்டத்தை இயற்றுவது எளிது. அது சங்கக் கட்டடத்தின் மாடிப்படி ஏறுவதற்குத்தான் நாளாகிறது.

“இதெல்லாம் சிமென்ட் கம்பெனிகளுக்குத்தானே சார்?” என்றார் செயலாளர். 2012-இல் சிமென்ட் நிறுவனங்களுக்கு 6,000 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதிக்கப்பட்ட செய்தி அவர் நினைவில் இருந்தது. ஆனால் 3-ஆம் பிரிவில் சிறியவர்களுக்கென்று விலக்கு இல்லை. விலையைக் கூடி நிர்ணயித்தாலே போட்டிக்குக் கேடு என்று சட்டம் அனுமானித்துக்கொள்ளும். அப்படி இல்லை என்று காட்டுவது கையெழுத்திட்டவர்களின் பொறுப்பு. ஏற்றுமதிக்கு விலக்கு உண்டே என்று அடுத்துக் கேட்டார். உண்டு, ஆனால் ஏற்றுமதியை மட்டுமே சார்ந்த உடன்பாட்டுக்கு. உள்ளூர் வியாபாரிக்குச் செய்யும் வேலையையும் சேர்த்துக் கட்டிய கூலிக்கு அது உதவாது. பொதுக் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தின் செலவைப் பங்கிடுவது, அரசிடம் மனுக் கொடுப்பது போன்றவற்றைச் சங்கம் தாராளமாகச் செய்யலாம்.

அந்தப் பக்கத்தைக் கிழித்துவிடலாமா என்றார். கூடவே கூடாது, ரத்துத் தீர்மானம் போட்டு அனைவருக்கும் எழுத்தில் தெரிவியுங்கள் என்றேன். முதலில் உண்மையைச் சொல்லி ஒத்துழைப்பவருக்கு 46-ஆம் பிரிவு அபராதத்தைக் குறைக்க வழி தருகிறது என்றும், யாருக்கு நோட்டீஸ் அனுப்பச் சொன்னாரோ அந்த உறுப்பினரே டெல்லியில் உள்ள இந்தியப் போட்டி ஆணையத்துக்கு முதலில் எழுதிவிடலாம் என்றும் சொன்னபோதுதான் புத்தகத்தை மூடினார்.