கச்சேரிப் பதிவுகளை மிக்ஸிங் மென்பொருளுக்குள் தானாக இறக்கும் ஸ்கிரிப்ட் எவற்றைச் சரிபார்க்க வேண்டும்?

இரண்டரை மணி நேரக் கர்நாடக இசைக் கச்சேரியை, டிஜிட்டல் மிக்சரிலிருந்து 32 சேனல்களாக (தனித்தனி ஒலி வரிகளாக), 48 கிலோஹெர்ட்ஸ் (நொடிக்கு 48,000 சாம்பிள்கள், அதாவது ஒலி அளவீடுகள்), 24 பிட் தரத்தில் பதிவு செய்தால் நொடிக்குச் சுமார் 46 லட்சம் பைட்டுகள் சேரும். வேவ் (WAV) என்னும் ஒலிக்கோப்பு தன் அளவைக் குறித்துக்கொள்ளும் இடம் 32 பிட் மட்டுமே என்பதால், ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்ட முடியாது. ஆகவே எல்லாச் சேனல்களையும் ஒரே கோப்பில் எழுதும் கருவி, ஏறத்தாழ பதினைந்தரை நிமிடத்திற்கு ஒரு முறை கோப்பை மூடிவிட்டுப் புதியதைத் தொடங்குகிறது. சேனல்களின் ஒலியைச் சமன்செய்து சேர்க்கும் மிக்ஸிங்குக்கு வரும்போது கச்சேரி பத்துத் துண்டுகளாக இருக்கும். அவற்றைக் கையால் இழுத்துப் போட்டு, சேனல் வாரியாகப் பிரித்து, ஒவ்வொரு டிராக்குக்கும் பெயரிடுவது பொறுமையைச் சோதிக்கும் வேலை. ரீப்பர் போன்ற ஒலித் தொகுப்பு மென்பொருளில், லுவா நிரல்மொழியில் எழுதிய ஒரு சிறிய ஸ்கிரிப்ட் (கட்டளைத் தொகுப்பு) இதைச் சில நொடிகளில் முடித்துவிடும் என்பதால், புதிதாக இத்தொழிலுக்கு வருபவர்கள் அதைக் கற்றுக்கொள்ள வேண்டும் என்றே வலியுறுத்துகிறேன். ஆனால் கையால் செய்தபோது கண்ணும் காதும் போகிற போக்கில் கவனித்த பிழைகளை, நாம் எழுதிக்கொடுத்தால் ஒழிய ஸ்கிரிப்ட் கவனிக்காது.

முதலில் வரிசை. கோப்புறையில் உள்ள பெயர்களை வாங்கி அகரவரிசைப்படுத்துவதுதான் பெரும்பாலோர் எழுதும் முறை. பெயர்களில் உள்ள எண்கள் 01, 02 என்று முன்சுழியுடன் இல்லாமல் 1, 2 என்று இருந்தால், எழுத்துகளை மட்டும் ஒப்பிடும் கணினி 10ஆம் துண்டை 1ஆம் துண்டுக்கு அடுத்து வைத்துவிடும். வர்ணம் முடிந்த சிறிது நேரத்தில் மங்களம் கேட்கும். எண்ணை எண்ணாகவே பிரித்தெடுத்து ஒப்பிட்டால் இச்சிக்கல் இல்லை. துண்டுகள் சேரும் இடத்தையும் பார்க்க வேண்டும். ஒவ்வொரு துண்டின் நீளத்தையும் சாம்பிள் கணக்கில் கூட்டி அடுத்த துண்டின் தொடக்கத்தை முடிவு செய்வது நல்லது. புதிய துண்டுகளுக்குத் தானாக ஃபேட் (ஒலியைப் படிப்படியாக ஏற்றி இறக்கும் விளைவு) இடும் விருப்பம் இயங்கிக்கொண்டிருந்தால், ஒவ்வொரு சேர்க்கையிலும் தம்புராவின் நாதம் ஒரு கணம் தாழ்ந்து எழும். இறக்கியவுடன் அந்த ஃபேட்களைச் சுழியாக்கும் வரியையும் ஸ்கிரிப்டிலேயே எழுதிவிடுங்கள்.

இவை காதில் விழுந்துவிடும் பிழைகள். நான் அதிகம் அஞ்சுவது சாம்பிள் ரேட் (நொடிக்கான சாம்பிள் எண்ணிக்கை) பிழையைத்தான். 44.1 கிலோஹெர்ட்ஸில் பதிவான ஒலியை மாற்றம் செய்யாமல் 48இல் ஓட்டினால், வேகமும் சுருதியும் ஏறத்தாழ 8.8 விழுக்காடு உயரும். ஒரு கட்டை சுருதியில் பாடியவரின் குரல் ஒன்றரைக் கட்டைக்கும் இரண்டு கட்டைக்கும் நடுவே போய் நிற்கும். குரலோடு தம்புராவும் வயலினும் மிருதங்கமும் சேர்ந்தே உயர்வதால் அபஸ்வரம் எதுவும் கேட்காது; பாடகரின் சுருதியை அறியாத ஒருவர் முழுக் கச்சேரியையும் அப்படியே மிக்ஸ் செய்து அனுப்பிவிட முடியும். ரீப்பர், கோப்பின் விவரங்கள் பதிந்திருக்கும் தலைப்புப் பகுதியை (ஹெடர்) படித்துத் தானே மாற்றிக்கொள்கிறது. புரோ டூல்ஸ் என்ற மற்றோர் ஒலி மென்பொருளில் மாற்றாமல் சேர்க்கும் வழியும் உண்டு. இரண்டிலும், தலைப்பிலேயே தவறான எண் பதிந்திருந்தால் மென்பொருளால் ஒன்றும் செய்ய இயலாது. எனவே ஸ்கிரிப்ட் ஒவ்வொரு கோப்பின் சாம்பிள் ரேட்டையும் புராஜெக்டின் ரேட்டோடு ஒப்பிட்டு, வேறுபட்டால் தானாகத் திருத்தாமல் நின்று, நம்மிடம் சொல்ல வேண்டும். மொத்த நீளத்தையும் காட்ட வேண்டும். 150 நிமிடக் கச்சேரி 138 நிமிடத்துக்குள் முடிகிறது என்றால் காரணம் இதுவாகவே இருக்கக்கூடும்; அதை ஒப்பிட, அரங்கில் கச்சேரி தொடங்கிய நேரத்தையும் முடிந்த நேரத்தையும் யாராவது குறித்துவைத்திருக்க வேண்டும்.

தமிழில் கோப்புக்குப் பெயரிடுபவர்கள் அறிய வேண்டிய செய்தி ஒன்று உண்டு. ‘கொன்னக்கோல்’ என்ற சொல்லில் உள்ள கொகரத்தை யூனிகோடில் ஒரே உயிர்க்குறியாகவும் எழுதலாம். ஒற்றைக்கொம்பு, கால் என இரண்டு குறிகளாகவும் எழுதலாம். பழைய மேக் கணினிகளின் கோப்பு முறைமை இரண்டாம் வகையிலேயே பெயரைச் சேமித்தது. திரையில் இரண்டும் ஒன்றாகவே தெரியும். பெயரைப் பார்த்து டிராக்கைத் தேர்ந்தெடுக்கும் ஸ்கிரிப்டுக்கோ அவை வெவ்வேறு சொற்கள். அந்தக் கோப்பை அது சத்தமின்றி விட்டுவிடும். ஒப்பிடும் முன் இரு பெயர்களையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவருவது முறையான தீர்வு. அது கடினமாக இருந்தால், கோப்புறையில் எத்தனை கோப்புகள் இருந்தன, எத்தனை இறங்கின என்ற இரு எண்களையாவது முடிவில் காட்டச் சொல்லுங்கள்.

மூலக் கோப்புகள் பென் டிரைவில் இருக்கும்போதே இறக்கிவிடுவதும் பரவலாக நடக்கிறது. நகலெடுக்கும் விருப்பத்தை இயக்காவிட்டால் மென்பொருள் கோப்பு இருக்கும் இடத்தை மட்டுமே நினைவில் வைக்கும்; டிரைவைக் கழற்றியதும் டிராக்குகள் வெறுமையாகிவிடும். புராஜெக்ட் கோப்புறைக்கு நகலெடுத்து, நகலின் அளவு மூலத்தோடு ஒத்திருப்பதை உறுதி செய்த பிறகே ஸ்கிரிப்ட் இறக்கத் தொடங்க வேண்டும். மூலக் கோப்பை நகர்த்தவோ அழிக்கவோ அதற்கு ஒருபோதும் அனுமதி தராதீர்கள், ஏனெனில் நடந்து முடிந்த கச்சேரியை மறுபடி பதிவு செய்ய முடியாது.

வீடியோ கேமராவின் ஒலியையும் சேர்ப்பவர்களுக்கு இன்னொரு வேலை இருக்கிறது. பிராட்காஸ்ட் வேவ் (கூடுதல் குறிப்புகளைத் தாங்கும் வேவ் வகை) கோப்புகளில் நள்ளிரவிலிருந்து எத்தனையாவது சாம்பிளில் பதிவு தொடங்கியது என்ற குறிப்பு இருக்கும். அதைக் கொண்டு ஸ்கிரிப்ட் கோப்பை உரிய இடத்தில் வைக்கலாம். அது தொடக்கத்தை மட்டுமே பொருத்தித் தரும். இரு கருவிகளின் கடிகாரங்களும் பத்து லட்சத்தில் 20 பங்கு வேறுபட்டாலே ஒரு மணி நேரத்தில் 72 மில்லிநொடி விலகல் சேர்ந்துவிடும். மிருதங்கத்தின் அடியும் கையின் அசைவும் பிரிந்து தெரிய அது போதும். தொடக்கத்தில் ஒரு கைதட்டலையும் முடிவில் ஒரு கைதட்டலையும் இரு பதிவுகளிலும் ஒப்பிட்டு, விலகலுக்கு ஏற்பக் கேமரா ஒலியின் நீளத்தைச் சரிசெய்யும் வேலையை இன்றும் நான் கையாலேயே செய்கிறேன்.