நான்காவது முறை கோவிட் வந்தால் என்ன?

“இது நாலாவது தடவை டாக்டர், மூணு நாள்ல சரியாயிடும்.” இப்படிச் சொல்பவர்கள் பெரும்பாலும் சிரித்துக்கொண்டேதான் சொல்கிறார்கள். காய்ச்சல் மூன்று நாளில் விடலாம். ஆனால் காய்ச்சல் என்பது வைரஸை எதிர்க்க உடல் கிளப்பும் சூடு. அது தணிந்ததை வைத்து உள்ளே எல்லாம் சரியாகிவிட்டது என்று முடிவுகட்ட முடியாது.

கோவிட் வைரஸ் மூக்கு வழியாக நுழைகிறது. அது பற்றிக்கொள்ளும், செல்களின் மேலிருக்கும் ஏசிஇ2 என்ற ஏற்பியோ இதயம், சிறுநீரகம், குடல் என்று பல உறுப்புகளில் இருக்கிறது. தொற்றின்போது ரத்தக் குழாயின் உட்சுவர் அழற்சியடைந்தால் ரத்தம் எளிதில் உறையும். மாரடைப்பு, பக்கவாதம், நுரையீரலில் ரத்தக்கட்டு ஆகியவற்றின் அபாயம் காய்ச்சல் விட்ட பின்னும் வாரக்கணக்கில் கூடுதலாக இருப்பது இதனால்தான்.

அமெரிக்க முன்னாள் படைவீரர்களின் மருத்துவப் பதிவுகளை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று 2022இல் ‘நேச்சர் மெடிசின்’ இதழில் வந்தது. மறுதொற்று வராதவர்களைவிட வந்தவர்களுக்கு மரண அபாயம் சுமார் 2 மடங்கு, மருத்துவமனையில் சேரும் அபாயம் சுமார் 3 மடங்கு. ஆய்வில் இருந்தவர்களில் பெரும்பாலோர் வயதான ஆண்கள். இளைஞர்களுக்கு இந்த எண்களை அப்படியே பொருத்தக் கூடாது. ஆனாலும் தொற்றின் எண்ணிக்கை கூடக் கூடப் பாதிப்பும் கூடியது என்பதை ஒதுக்கிவிட முடியாது.

‘அடிக்கடி வந்தால் எதிர்ப்புச் சக்தி ஏறும்’ என்ற நம்பிக்கைதான் எனக்கு அதிகம் கவலை தருகிறது. எதிர்ப்புச் சக்தி, தூக்கத் தூக்க வலுவாகும் தசை இல்லை. டெங்குவில் வேறு வகை வைரஸால் இரண்டாவது முறை வரும் தொற்றே பெரும்பாலும் ஆபத்தானது. தட்டம்மையோ, உடல் ஏற்கெனவே சேர்த்து வைத்திருந்த பிற நோய்களுக்கான எதிர்ப்பு நினைவையே அழிக்கிறது.

தொற்றுக்குப் பின் அசதி, மூளை மந்தம், படபடப்பு போன்றவை தொடங்கி, குறைந்தது 2 மாதம் நீடித்து, தொற்று வந்து 3 மாதம் ஆன பின்னும் இருந்து, வேறு காரணமும் தென்படாவிட்டால் அது நீள்கோவிட்டாக இருக்கலாம். இங்கே நடக்கும் பெரிய தவறு, ‘நன்றாக நடந்தால் சரியாகும்’ என்று உடம்பை விரட்டுவது. வேலை செய்தபோது தெரியாத சோர்வு 12 முதல் 48 மணி நேரம் கழித்து ஆளைச் சாய்த்தால், உழைப்பை அந்தச் சோர்வு வராத அளவோடு நிறுத்த வேண்டும். படபடப்பு இருந்தால் செய்து பார்க்க எளிய சோதனை ஒன்றும் உண்டு. 10 நிமிடம் படுத்திருந்து நாடியை எண்ணுங்கள். பிறகு எழுந்து 10 நிமிடம் நின்றபடி எண்ணுங்கள். தலைசுற்றினால் உடனே உட்கார்ந்துவிடுங்கள். பெரியவர்களுக்கு நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 30 அல்லது அதற்கு மேல் கூடி, அப்படியே நீடித்தால், குறித்துக்கொண்டு மருத்துவரிடம் காட்டுங்கள்.

2023 மே 5 அன்று உலக சுகாதார நிறுவனம் அவசர நிலை முடிந்தது என்றது. மக்கள் காதில் விழுந்ததோ நோய் முடிந்தது என்று.

தடுப்பூசி நீள்கோவிட் அபாயத்தைக் குறைக்கும், முற்றிலும் தடுக்காது. வைரஸ் காற்று வழியாகப் பரவுவதால், மீதியைக் காற்றில்தான் தடுக்க வேண்டும். நெரிசலான மூடிய இடங்களில் என்95 முகக்கவசம் அணிந்தால், இரு கைகளாலும் மூடி வேகமாக மூச்சு விட்டுப் பாருங்கள். கண்ணில் காற்று பட்டால் மூக்குக் கம்பியை இன்னும் அழுத்த வேண்டும். தாடி இருந்தால் விளிம்பு ஒட்டாது. துவைத்தாலும் ஆல்கஹால் தெளித்தாலும் துகள்களைப் பிடித்து வடிகட்டும் மின்னூட்டம் குறைந்துவிடும். பார்க்கப் புதிதாக இருக்கும், பயன் குறைந்திருக்கும்.

அறைக் காற்றைச் சுத்தமாக்கும் கணக்கு சுலபம். 5 மீட்டர் நீளம், 4 அகலம், 3 உயரம் என்றால் 60 கன மீட்டர். மணிக்கு 5 முறை காற்று மாற, மணிக்கு 300 கன மீட்டர் சுத்தக் காற்று தரும், நுண்துகள்களை வடிகட்டும் ஹெப்பா சுத்திகரிப்பான் வேண்டும். அவ்வளவு காற்றோட்டத்தில் மிதக்கும் துகள்களில் 95 சதவீதம் சுமார் 36 நிமிடத்தில் நீங்கும். எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்து வைக்க முடிந்தால் செலவே இல்லை.

அறிகுறி தொடங்கிய முதல் நாள் விரைவுப் பரிசோதனையில் ‘இல்லை’ என்று வருவது சகஜம். 48 மணி நேரம் கழித்து மீண்டும் செய்யுங்கள். அதுவரை பாராசிட்டமால் போட்டுக்கொண்டு வேலைக்குக் கிளம்ப வேண்டாம். மாத்திரை சூட்டைத்தான் இறக்குகிறது, மூச்சில் வெளியேறும் வைரஸை அல்ல.