மோரிஸ் மைனருக்கு டிஸ்க் பிரேக்

நான்கு பேர் ஏறி உட்கார்ந்தால் மோரிஸ் மைனர் காரின் எடை ஏறக்குறைய ஒரு டன் வரும். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் அது போகும்போது அதன் இயக்க ஆற்றல் சுமார் 250 கிலோஜூல். ஒரு லிட்டர் தண்ணீரை 40 டிகிரியிலிருந்து கொதிக்க வைக்க இது போதும். கேஸ் அடுப்பில் சில நிமிடம் பிடிக்கும் வேலை. அவசரத்துக்கு பிரேக்கை அழுத்தி மிதித்தால் அத்தனை சூடும் நான்கைந்து விநாடிக்குள் சக்கரங்களில் இறங்கிவிடும். வேகம் இரண்டு மடங்கானால் சூடு நான்கு மடங்கு.

அலெக் இசிகோனிஸ் வடிவமைத்த மைனர் 1948ல் லண்டனில் அறிமுகமானது. 1971 வரை 16 லட்சம் வண்டிகளுக்கு மேல் வெளிவந்தன. இந்தியாவில் இதே கார் பேபி ஹிந்துஸ்தான் என்ற பெயரில் விற்றது. இலங்கையில் இன்றும் பல மைனர்கள் ஓடிக்கொண்டிருக்கின்றன. முதலில் வந்த 918 சிசி எஞ்சினுக்கு நான்கு சக்கரத்திலும் ட்ரம் பிரேக் தாராளமாகப் போதும். இப்போது இங்கிலாந்தில் பலர் அதே காரில் 1275 சிசி எஞ்சினை மாட்டி, நெடுஞ்சாலையில் மற்ற கார்களோடு ஓட்டுகிறார்கள். அப்போதுதான் பிரேக்கைப் பற்றிய கவலை வருகிறது, ட்ரம்மைக் கழற்றி டிஸ்க் மாட்டலாமா என்ற யோசனையும் வருகிறது.

ட்ரம் பிரேக்கைக் குறைத்துப் பேசுவது எனக்குப் பிடிக்காது. அது மிகவும் கெட்டிக்கார ஏற்பாடு. சக்கரத்தோடு சுற்றும் ஒரு இரும்பு டப்பா. அதற்குள் பிறை வடிவில் இரண்டு ஷூக்கள். மிதியை அழுத்தினால் ஆயில் அழுத்தம் வீல் சிலிண்டருக்குப் போய் ஷூக்களை வெளிப்பக்கமாகத் தள்ளும். ஷூவின் மேல் ஒட்டிய உராய்வுப் பட்டை, அதாவது லைனிங், டப்பாவின் உட்சுவரில் உரசும். இனிமேல்தான் விசேஷம். சுற்றுகிற ட்ரம் தன்மீது உரசும் ஷூவையும் கூடவே இழுக்கப் பார்க்கிறது. ஷூவின் ஒரு முனை அசையாமல் பிடிபட்டிருப்பதால், அந்த இழுப்பு ஷூவைச் சுவரோடு இன்னும் இறுக்குகிறது. கதவுக்கு அடியில் செருகிய ஆப்பு, கதவைத் தள்ளத் தள்ள இறுகுமே, அதே கதைதான். மைனரின் முன்சக்கரங்களில் இரண்டு ஷூக்களும் இப்படி இறுகும்படி அமைந்தவை. அதனால்தான் மிதிக்கும் விசையைப் பெருக்கித் தரும் பூஸ்டர் எதுவும் இல்லாமல், கால் பலத்திலேயே வண்டி நிற்கிறது. பின்னால் எடுக்கும்போது ட்ரம் எதிர்ப்பக்கம் சுற்றுவதால் அந்த உதவி கிடைக்காது. முன் பிரேக் சட்டென்று பலவீனமாகிவிடும்.

இந்த உதவிக்கு ஒரு விலை உண்டு. இறுக்கம் உராய்வை நம்பியிருக்கிறது. லைனிங் சூடேறி உராய்வு கொஞ்சம் குறைந்தால் இறுக்கமும் சேர்ந்து குறையும், இழப்பு பல மடங்காகும். ஒரு பக்க ட்ரம்முக்குள் மட்டும் தண்ணீர் புகுந்தால் ஸ்டியரிங் மறுபக்கம் இழுப்பதும் இதனால்தான். சூடு பிறப்பதோ டப்பாவின் உள்ளே. அது இரும்பைக் கடந்து வெளிப்பரப்புக்கு வந்தால்தான் காற்றில் ஆறும். அதற்குள் ட்ரம் விரிந்து ஷூவை விட்டு விலகும், மிதி இன்னும் கீழே போகும். நீண்ட மலை இறக்கத்தில் இவையெல்லாம் ஒன்றாகச் சேர்ந்து வரும்.

டிஸ்க் பிரேக்கைப் புரிந்துகொள்ள சைக்கிளைப் பார்த்தால் போதும். ரிம்மை இரண்டு ரப்பர் கட்டைகள் கவ்வுவது போல, சக்கரத்தோடு சுற்றும் வட்டை, காலிப்பர் என்ற கவ்வியில் இருக்கும் இரண்டு உராய்வுக் கட்டைகள் (பேடுகள்) கவ்வுகின்றன. வட்டு திறந்தவெளியில் இருக்கிறது. காற்று நேராகப் படும், தண்ணீர் சிதறிப் போய்விடும். சூட்டில் வட்டு தடித்தாலும் பேடுகளை நோக்கியே தடிக்கும், விலகிப் போகாது. 1953ல் லெ மான்ஸ் 24 மணி நேரப் பந்தயத்தில் டன்லப் டிஸ்க் பிரேக் பூட்டிய ஜாகுவார் சி-டைப் ஜெயித்ததும் உலகம் இதைக் கவனித்தது. இரண்டே ஆண்டில், 1955ல், சிட்ரோயன் டிஎஸ் காரின் முன்சக்கரங்களில் டிஸ்க் வந்துவிட்டது.

ஆனால் டிஸ்க்கில் அந்த ஆப்பு வேலை கிடையாது. கொடுத்த அழுத்தத்துக்குத் தகுந்த பிடிதான் கிடைக்கும். மாற்ற நினைப்பவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இதுதான். ட்ரம் இலவசமாகச் செய்துகொடுத்த இறுக்கத்தை இனி வேறெங்கிருந்தாவது கொண்டுவர வேண்டும். காலிப்பரில் பேடுகளைத் தள்ளும் பிஸ்டன்கள் பெரிதாக இருப்பது இதற்காக. பெரிய பிஸ்டனை நகர்த்த ஆயிலும் அதிகம் வேண்டும். மிதியை அழுத்தும்போது ஆயிலைக் குழாய்களுக்குள் தள்ளும் மாஸ்டர் சிலிண்டர் சிறிதாக இருந்தால் மிதி ஆழமாகப் போகும். பெரிதாக்கினால் மிதி கல் போல ஆகும். எஞ்சினின் உறிஞ்சு சக்தியில் இயங்கும் பூஸ்டரைச் சேர்த்தால் இந்த இழுபறி தீரும். மைனர் லேசான வண்டி, பூஸ்டர் இல்லாமலும் ஓட்டலாம். ஆனால் கால் நன்றாக உழைக்க வேண்டும்.

இன்னொரு சின்ன விஷயத்தில் பலர் கோட்டை விடுகிறார்கள். ட்ரம்முக்கான மாஸ்டர் சிலிண்டரில் ஒரு வால்வு இருக்கும். மிதியை விட்ட பிறகும் குழாயில் கொஞ்சம் அழுத்தத்தை அது தேக்கி வைக்கும். ட்ரம்மில் ஷூவைத் திரும்ப இழுக்கப் பலமான ஸ்பிரிங் இருப்பதால் பாதகமில்லை. காலிப்பரில் ஸ்பிரிங் இல்லை. பிஸ்டனைச் சுற்றியுள்ள ரப்பர் சீல்தான் முறுக்கி நிமிர்ந்து மயிரிழை அளவு பின்னே இழுக்கும். தேங்கிய அழுத்தம் அதைத் தோற்கடித்துவிடும். பேடு ஓயாமல் உரசும், வட்டு சூடேறும். அந்த வால்வைக் கழற்ற வேண்டும். சரி, அத்தோடு முடிந்ததா? மைனரின் மாஸ்டர் சிலிண்டர் டிரைவர் காலுக்குக் கீழே, சேஸிக்குள் தாழ்வாக இருக்கிறது. காலிப்பர் அதைவிட உயரத்தில் வந்தால் ஆயில் திரும்பி வழியப் பார்க்கும். அதைத் தடுக்க மிகக் குறைந்த அழுத்தத்தைத் தேக்கும் வேறொரு வால்வைக் குழாயில் போடுகிறார்கள்.

இவ்வளவு பிரித்த பிறகு ஒற்றைக் குழாய்ச் சுற்றை இரட்டையாக்கிவிடுங்கள் என்பேன். பழைய அமைப்பில் எங்கே கசிந்தாலும் நான்கு சக்கரமும் கைவிடும். மிஞ்சுவது கேபிளில் இயங்கும் ஹேண்ட் பிரேக் மட்டும்.

பின்சக்கரத்துக்கு டிஸ்க் அவசியமில்லை. பிரேக் போடும்போது பாரம் முன்னால் சாய்கிறது, பெரும்பாலான வேலையை முன்சக்கரங்களே செய்கின்றன. பின்சக்கரம் முந்திக்கொண்டு சுற்றாமல் இறுகி நின்றுவிட்டால் வண்டி சுழன்றுவிடும். ஆகவே அங்கே பிடி குறைவாக இருப்பதே நல்லது. ஹேண்ட் பிரேக்குக்கும் பழைய ட்ரம்தான் வசதி, அதை அப்படியே விட்டுவிடலாம்.