ஹற்றனில் பெய்யும் மழையும் மட்டக்களப்பில் அடிக்கும் கச்சானும்

சென்ற ஆகஸ்ட் விடுமுறைக்கு மலைநாட்டு ஹற்றனிலிருந்து மட்டக்களப்புக் கல்லடிக்கு வந்திருந்த என் அக்காவின் மகள், வந்து சேர்ந்த மறுநாள் முற்பகலில் முற்றத்தில் நின்றபடி கேட்ட கேள்வியே இக்கட்டுரைக்குக் காரணம். வாவிப் பக்கமிருந்து கச்சான் என்னும் மேற்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தது. குளித்துவிட்டு அவள் கொடியில் போட்ட துவாய் அரை மணித்தியாலத்துக்குள் மொடமொடவென்று காய்ந்திருந்தது. அவளுடைய வீட்டில் அந்தப் பருவத்தில் அதே துவாய் நான்கைந்து நாள் ஈரமாகவே கிடக்கும். "எங்க ஊரு மலையத் தாண்டித்தானே மாமா இந்தக் காத்து வருது? அங்க குளுருது, இங்க வந்து ஏன் இப்படிச் சுடுது?" என்று அவள் கேட்டாள். தரம் ஒன்பதில் படிக்கும் பிள்ளை. கேள்வி மிகச் சரியான இடத்தில் விரலை வைத்திருந்தது.

"இங்கே வெயில் கூட" என்ற வழக்கமான பதில் போதாது. கச்சான் நன்றாக விழுந்த நாட்களில் பொழுது பட்ட பின்னரும் அந்தக் காற்று வெம்மையாகவே வீசும். சூரியன் மறைந்த பிறகும் சுடுகின்ற காற்று, தன் வெப்பத்தை எங்கிருந்தோ சுமந்துகொண்டு வந்திருக்க வேண்டும்.

நம் கடற்றொழிலாளர் காற்றுகளைத் திசையால் பிரித்தறிவர். கிழக்கிலிருந்து வருவது கொண்டல், வடக்கிலிருந்து வாடை, தெற்கிலிருந்து சோளகம், மேற்கிலிருந்து கச்சான். மே தொடக்கம் செப்டெம்பர் வரை வீசும் தென்மேற்குப் பருவக்காற்று இந்து சமுத்திரத்தில் ஈரத்தை அள்ளி வந்து மத்திய மலைநாட்டின் மேற்குச் சரிவில் கொட்டுகிறது என்பதும், கிழக்குப் பக்கம் மழைநிழலில் கிடக்கிறது என்பதும் பாடசாலையில் எல்லோரும் படித்தவையே. ஹற்றனுக்கு அருகேயுள்ள வட்டவளையில் ஆண்டொன்றுக்கு 5,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்கிறது. மட்டக்களப்பில் ஏறத்தாழ அதன் மூன்றிலொரு பங்குதான், அதிலும் பெரும்பகுதி நவம்பர் முதல் ஜனவரி வரையில் விழுந்து முடிந்துவிடும். இந்த மழைநிழல் பாடம், காற்று ஏன் உலர்ந்து வருகிறது என்பதைச் சொல்கிறது. ஏன் சூடாக வருகிறது என்பதை அது சொல்வதில்லை.

அதற்கு முதலில் ஒரு சிறு பௌதிகம் வேண்டும். சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பகுதி சூடாவதைத் தொட்டுப் பார்த்திருப்பீர்கள். காற்றை அமுக்கினால் அது சூடேறும்; விரியவிட்டால் குளிரும். மலையில் ஏறும் காற்று, மேலே அமுக்கம் குறைவாக இருப்பதால் விரிந்து குளிர்கிறது. இறங்கும் காற்று அமுங்கிச் சூடேறுகிறது. இந்த மாற்றம் ஏறத்தாழ 100 மீற்றருக்கு 1 பாகை செல்சியஸ் ஆகும். இது மட்டுமே நடந்திருந்தால், 2,000 மீற்றர் ஏறும்போது 20 பாகை குளிர்ந்த காற்று அதே 2,000 மீற்றர் இறங்கும்போது 20 பாகை சூடேறி, கொழும்பில் இருந்த வெப்பநிலையிலேயே மட்டக்களப்பை வந்தடைந்திருக்கும். ஏறுவதும் இறங்குவதும் கணக்கில் நேராகிவிடும். கச்சான் என்ற ஒன்றே இருந்திராது.

இந்த நேர்க்கணக்கைக் குழப்புவது ஹற்றனின் மழை. அதைப் புரிந்துகொள்ள, ஒரு கிலோகிராம் காற்றை, அதாவது ஒரு கன மீற்றருக்குச் சற்றுக் குறைவான அளவை, மேற்குக் கரையிலிருந்து நம் ஊர் வரை கூடவே நடந்து பார்ப்போம். கரையில் அதன் வெப்பநிலை 29 பாகை, சாரீரப்பதன் (அந்த வெப்பநிலையில் காற்று தாங்கக்கூடிய நீராவியில் அது உண்மையில் சுமக்கும் பங்கு) 78 வீதம் என்று வைத்துக்கொள்வோம். தென்மேற்குப் பருவத்தில் இது சாதாரணமான நிலை. அது 500 மீற்றர் ஏறும்போது 5 பாகை குளிர்ந்து 24 ஆகிறது. அந்தக் குளிர்ச்சியில், தான் சுமந்து வந்த நீராவி முழுவதையும் அதனால் தாங்க முடியாமற் போகிறது. முகில் பிறக்கிறது. அந்த உயரத்திலிருந்து மேலே, காற்று விரிந்து குளிரும் ஒவ்வொரு கணமும் நீராவி துளியாக ஒடுங்குகிறது. ஒடுங்கும் நீராவி தன்னிடமிருந்த வெப்பத்தைக் காற்றுக்குக் கொடுக்கிறது. ஒரு பக்கம் குளிர்ச்சி, மறு பக்கம் இந்த வெப்பம். ஆகவே 100 மீற்றருக்கு 1 பாகை குளிர வேண்டிய காற்று, நம் நாட்டைப் போன்ற வெம்மையான ஈரக் காற்றில், ஏறத்தாழ 0.4 பாகை மட்டுமே குளிர்கிறது. மீதி 1,500 மீற்றரையும் ஏறி 2,000 மீற்றர் முகட்டை அடையும்போது அது 18 பாகையில் நிற்கிறது. மழை இல்லாதிருந்தால் அங்கே 9 பாகைதான் இருந்திருக்கும்.

முகட்டைத் தாண்டியதும் காற்று இறங்கத் தொடங்குகிறது. துளிகள் மேற்குச் சரிவிலேயே விழுந்துவிட்டதால், இறங்கும் வழியில் மீண்டும் ஆவியாகி வெப்பத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்ள அங்கே நீர் இல்லை. ஆதலால் அது முழு வேகத்தில், 100 மீற்றருக்கு 1 பாகை வீதம் சூடேறுகிறது. 18 உடன் 20 ஐக் கூட்டினால் 38. கொழும்பில் 29 பாகையில் புறப்பட்ட காற்று மட்டக்களப்பில் 38 பாகையில் வந்து சேர்கிறது. 78 வீதமாக இருந்த சாரீரப்பதன் 40 வீதமாக இறங்கியிருக்கிறது. என் மருமகள் இந்தக் கணக்கைத் தன் கொப்பியில் தானே போட்டுப் பார்த்து, விடை வந்ததும் சிறிது நேரம் பேசாமல் இருந்தாள்.

அந்த 9 பாகை எங்கிருந்து வந்தது? வழியில் அந்த ஒரு கிலோகிராம் காற்று இழந்த நீர் ஏறத்தாழ மூன்றரைக் கிராம், ஒரு தேக்கரண்டிகூட நிறையாத அளவு. ஆனால் கடலில் ஒரு கிலோகிராம் நீரை ஆவியாக்கச் சூரியன் ஏறத்தாழ 25 இலட்சம் யூல் சக்தியைச் செலவழித்திருக்கிறது. அந்தச் சக்தி ஆவிக்குள் மறைவெப்பமாக ஒளிந்து, கடல் தாண்டி வந்து, மலைச்சரிவில் ஆவி துளியாகும் இடத்தில் வெளிப்படுகிறது. நம்மைச் சுடுவது பழைய வெயில். பல நாட்களுக்கு முன்பு, பல நூறு கிலோமீற்றர் தொலைவில், இந்து சமுத்திரத்தின் மீது விழுந்த வெயில்.

இந்த அளவின் பருமன் எனக்கு எத்தனை முறை எண்ணினாலும் அலுப்பதில்லை. ஹற்றன் பக்கத்தில் விழும் அதே மழைநீர்தான் காசல்ரீ, மவுசாக்கலை நீர்த்தேக்கங்களில் தேங்கி லக்சபானவில் மின்சாரமாகிறது. பொறியியலாளர் விமலசுரேந்திர 1918 இலேயே அந்த நீர்வீழ்ச்சிகளிலிருந்து மின்சாரம் எடுக்கலாம் என்று எடுத்துரைத்தார். லக்சபான மின்நிலையம் 1950 இல் இயங்கத் தொடங்கியது. ஒரு கிலோகிராம் நீர் 1,000 மீற்றர் உயரத்திலிருந்து இறங்கும்போது விடும் சக்தி ஏறத்தாழ 9,800 யூல். அதே நீர் துளியாகிய கணத்தில் காற்றுக்குக் கொடுத்த வெப்பமோ அதைப்போல் 250 மடங்குக்கும் மேல். நாம் சுழலிகளால் பிடித்துக்கொள்வது அந்த மழைத்துளியின் மிகச் சிறிய பங்கை. பெரும்பங்கு கச்சானாக மலையைத் தாண்டிக் கல்லடிக்கு வந்துவிடுகிறது. கச்சான் நாளில் நம் வீட்டு மின்விசிறியைச் சுழற்றும் மின்சாரமும், அந்த விசிறி தள்ளும் சூடான காற்றும் ஒரே மழையிலிருந்து பிரிந்து வந்த இரண்டு பிள்ளைகள் எனலாம்.

ஐரோப்பாவின் அல்ப்ஸ் மலைகளின் வடக்கேயும் இத்தகைய காற்று உண்டு. அதனை ஃபோன் (Föhn) என்பர். அதன் வெப்பம் சகாராப் பாலைவனத்திலிருந்து வருகிறது என்றே நெடுங்காலம் பலர் நம்பினர். ஒஸ்திரிய வானிலை அறிஞரான யூலியஸ் ஹான் 1866 இல் அதனை மறுத்தார். அருகில் எந்தப் பாலைவனமும் இல்லாத கிரீன்லாந்திலும் அப்படிப்பட்ட சூடான காற்று வீசுகிறதே என்பது அவர் எடுத்துக்காட்டிய சான்றுகளில் ஒன்று. வெப்பம் தொலைவிலுள்ள சூடான நிலத்திலிருந்து வரவேண்டியதில்லை, மலையைத் தாண்டும் செயலிலேயே அது பிறக்கிறது என்று அவர் காட்டினார்.

கணக்கு இவ்வளவு அழகாக இருப்பதால் அதையே முழு உண்மை என்று கொள்வதும் தவறு. தாழ்ந்த மட்டத்து ஈரக் காற்று மலையால் தடைப்பட்டு நின்றுவிட, முகட்டின் உயரத்திலிருந்த காற்று நேரடியாகக் கிழக்கே இறங்கி வரும் நாட்களும் உண்டு. அத்தகைய நாட்களில் மேற்கில் பெரு மழை இல்லாமலே இங்கே கச்சான் சுடும். முகிலற்ற வானமும், சிறுபோகத்துக்கு நீர் பாயாத காய்ந்த நிலமும் வழியில் தம் பங்கைச் சேர்க்கின்றன. இன்னொன்று, கரையோரத்தவர் நன்கறிந்தது: சாதாரண நாளில் முற்பகலிலேயே கடற்காற்று உள்ளே வந்து நம்மைக் குளிர்விக்கும். கச்சான் வலுத்த நாளில் அது கடற்காற்றைக் கரைக்கு அப்பாலே நிறுத்திவிடுகிறது. பிற்பகலில் கச்சான் சற்றுத் தளர, கடற்காற்று வென்று உள்ளே வரும் அந்தக் கணத்தைக் கல்லடியில் வீட்டு வாசலில் இருந்தே உணரலாம். சில நிமிடங்களில் தோலில் ஈரம் திரும்பும்.

கச்சான் தொடங்கும் வைகாசியில்தான் நம் ஊர்களில் கண்ணகை அம்மன் சடங்கு நிகழ்ந்து குளிர்த்தியுடன் நிறைவடைகிறது. மதுரையை எரித்த சினத்தைக் குளிர்விக்கும் அந்தப் பாடலைச் சிறு வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவன் நான். வெக்கை மிகுந்த ஒரு பருவத்தின் வாசலில் குளிர்ச்சியை வேண்டி ஊரே கூடி நிற்பதில் ஆழ்ந்த பொருள் இருப்பதாகவே கருதுகிறேன். ஆனால் கச்சான் வெயிலில் வயலில் மயங்கி விழுந்தவருக்குக் 'காத்துக் கறுப்பு' பட்டது என்று நூல் கட்டுவதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியாது. உலர்ந்த காற்றில் வியர்வை வெளிவந்த கணமே ஆவியாகிவிடுவதால், தாம் எவ்வளவு நீரை இழக்கிறோம் என்பது உழைப்பவருக்கே தெரிவதில்லை. சட்டை நனையாமலே உடல் வற்றிப்போகிறது. அவருக்கு உடனே வேண்டியவை நிழல், உடலைக் குளிர்வித்தல், வைத்தியசாலை; நினைவு தெளிந்திருந்தால் மட்டும் குடிக்க நீரும் உப்பும். நூல் கட்டப் போகும் நேரத்தில் அவை தாமதமாகின்றன.

வயலுக்கும் இந்தக் காற்று கடுமையானது. நெல் பூக்கும் முற்பகல் வேளையில் வெப்பநிலை 35 பாகையைத் தாண்டினால் மகரந்தம் செயலிழந்து மணி பிடிக்காது போகும் என்பது உறுதியாக அறியப்பட்டது. அம்பாறையில் சேனாநாயக்க சமுத்திரத்து நீரை நம்பிச் சிறுபோகம் செய்பவர்களுக்கு நீர் இருந்தும் பதர் விழும் ஆண்டுகள் வருவதற்கு இதுவும் ஒரு காரணம். எந்த நாளில் கச்சான் வலுக்கும் என்று மூன்று நான்கு நாட்கள் முன்பே வயல் மட்டத்தில் சொல்ல முடிந்தால், வயலில் நீர் தேக்கும் வேளையையேனும் அதற்கேற்ப மாற்றலாம். நுவரெலியாவிலும் பதுளையிலும் மட்டக்களப்பிலும் பொத்துவிலிலும் வானிலை நிலையங்கள் இருக்கின்றன. ஆனால் பதுளையிலிருந்து கரை வரையுள்ள நீண்ட இடைவெளியில், காற்று இறங்கிச் சூடேறும் பாதை நெடுகிலும், நெருக்கமான தானியங்கிக் கருவிகள் வேண்டும். வந்தாறுமூலையில் ஒரு பல்கலைக்கழகமும் ஒலுவிலில் ஒரு பல்கலைக்கழகமும் இருக்கும் பிரதேசம் இது. நம் தலைக்கு மேலேயே நடக்கும் இந்தப் பெரும் பரிசோதனையை அளப்பதற்குப் பணம் ஒதுக்குவது ஆடம்பரம் அன்று என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

எங்கள் குடும்பம் இந்தக் காற்றிலிருந்து ஒரு பயனைக் கண்டது. அத்தான் ஹற்றனில் கரட், லீக்ஸ் ஆகியவற்றை வெட்டி உலர்த்திப் பொதி செய்து விற்கும் சிறு தொழிலைத் தொடங்கியிருந்தார். தென்மேற்குப் பருவம் வந்ததும் வெயில் இல்லை. மின்உலர்த்தியில் வைத்தால் இலாபம் முழுவதும் மின்கட்டணமாகப் போனது. கணக்கு எளியது. 10 கிலோகிராம் கரட்டில் ஏறத்தாழ 8.7 கிலோகிராம் நீர் வெளியேற வேண்டும். அதை ஆவியாக்க மட்டும் ஆறு அலகு மின்சாரம், வீணாகும் வெப்பத்தையும் சேர்த்தால் அதைவிட மிக அதிகம். தொழிலை விரிவாக்க அவர் கேட்ட கடனை ஒரு வங்கி மறுத்துவிட்டது. அந்த ஆண்டு அக்கா தொலைபேசியில் மிகவும் மனமுடைந்து பேசினாள்.

அப்போது நான் சிறியதோர் ஈரப்பதன்மானியை வாங்கிச் சுவரில் மாட்டியிருந்தேன். அதுபோன்ற ஒன்றை அக்கா வீட்டுக்கும் அனுப்பியிருந்தேன். ஒரே நண்பகலில் இரு வீட்டுப் படங்களும் வாட்ஸ்அப்பில் அருகருகே வந்தன: ஹற்றனில் 96 வீதம், கல்லடியில் 43 வீதம். அந்தப் படங்களைப் பார்த்துத்தான் அத்தான், கரட்டை ஹற்றனில் உலர்த்துவதை விட்டு இங்கே கொண்டுவரத் தீர்மானித்தார். பலகைச் சட்டம், நுளம்பு வலை, மேலே ஒளிபுகும் பொலித்தீன், அடியில் கறுப்பு வர்ணம் பூசிய தகரம். மேற்கு நோக்கிய திறப்பு வழியாகக் கச்சான் நுழைந்து மறுபுறம் வெளியேறும். நாங்கள் செய்தது அவ்வளவே. காலையில் பரப்பும் துண்டுகள் மறுநாள் மாலைக்குள் காய்ந்துவிடுகின்றன. ஹற்றனில் ஆவி துளியாகும்போது விட்ட வெப்பம் 150 கிலோமீற்றர் கடந்து வந்து, ஹற்றனில் விளைந்த கரட்டிலிருந்து நீரை மீண்டும் ஆவியாக்குகிறது.

விடுமுறை முடிந்து புறப்படும் நாளில் மருமகள் இன்னொரு கேள்வி கேட்டாள். மார்கழியில் காற்று வடகிழக்கிலிருந்து வரும்போது மழை நம் பக்கம் கொட்டுமே, அப்போது தன் ஊர்தானே மழைநிழலில் இருக்கும் என்றாள். ஆம், அவ்வாறேதான். மேற்குச் சரிவான டிம்புளைப் பகுதியின் சிறந்த தேயிலை ஜனவரி முதல் மார்ச் வரை கிடைப்பதும், கிழக்கே ஊவாவின் சிறந்த தேயிலை ஜூலை முதல் செப்டெம்பர் வரை கிடைப்பதும் அந்தந்தப் பக்கத்து உலர்காற்றின் வேலை. அவள் அதைக் கேட்டு ஈரப்பதன்மானியைப் பத்திரமாகப் பையில் வைத்துக்கொண்டு போனாள். ஜனவரியில் எங்கள் முற்றத்தில் கணுக்கால் அளவு வெள்ளம் நின்றபோது, ஹற்றனிலிருந்து அவள் அனுப்பிய படத்தில் வானம் நீலமாக இருந்தது, மானியின் முள் 52 இல் நின்றது. உலர்த்தும் பெட்டியின் சட்டங்களைக் கழற்றி லொறியில் ஏற்றி அனுப்பிவைத்தோம். மே மாதம் அது மீண்டும் கல்லடிக்கு வரும்.