பாக்டீரியா மருந்துக்குப் பாசி ஏன் வெளுக்கிறது?

ஆரம்பாக்கம் தாண்டி ஆந்திராவுக்குள் தடா, சூளூர்பேட்டைப் பக்கம் இறால் குட்டை வைத்திருக்கும் நம் ஆட்களிடம் பேச்சுக் கொடுத்தால், முதலில் தண்ணீரின் நிறத்தைத்தான் சொல்வார்கள். கறுப்பு வெள்ளைத் தட்டைக் கயிற்றில் இறக்குவார்கள். 30, 40 செ.மீ. ஆழத்தில் அது கண்ணுக்கு மறைந்தால் பாசி அளவாக இருக்கிறது என்று அர்த்தம். பகலில் இறாலுக்கு ஆக்சிஜன் தருவது தண்ணீரைக் கலக்கிக் காற்றேற்றும் ஏரேட்டர் மட்டுமல்ல, இந்த நுண்பாசிகளும்தான்.

சரி, குளோராம்பெனிக்கால் மாதிரி ஓர் ஆன்டிபயாட்டிக் இந்தத் தண்ணீரில் கலந்தால்? (இறால் வளர்ப்பில் அதற்குத் தடை இருக்கிறது, அது தனிக்கதை.) பாக்டீரியாவுக்கான மருந்து பாசியை ஏன் தொட வேண்டும்?

பாசிக்குள் ஒளிச்சேர்க்கை நடக்கும் பச்சை உறுப்பான பசுங்கணிகம் ஒரு காலத்தில் தனியாகத் திரிந்த பாக்டீரியா. வேறொரு செல்லுக்குள் குடியேறி நூறு கோடி ஆண்டுகளுக்கு மேல் ஆகியும், சொந்த டி.என்.ஏ.வையும் புரதம் செய்யும் ரைபோசோமையும் அது விடவில்லை. அந்த ரைபோசோம் பாக்டீரியாவுடையதைப் போன்ற 70எஸ் வகை (இந்த எண் ரைபோசோமின் அளவைக் காட்டுவது). பாசி செல்லின் பொதுவெளியில் இருப்பது அதைவிடப் பெரிய 80எஸ். குளோராம்பெனிக்கால் 80எஸ்ஸை விட்டுவிட்டு 70எஸ்ஸில் போய் ஒட்டி, புரதக் கோர்ப்பை நிறுத்துகிறது.

முதல் அடி விழுவது டி1 என்ற புரதத்துக்கு. ஒளியைப் பிடித்துத் தண்ணீரைப் பிளக்கும் இடத்தின் நடுநாயகம் அது. வேடிக்கை என்னவென்றால், வெயிலே அதை உடைக்கும். பழவேற்காட்டில் வலை கிழியக் கிழியத் தைத்துக்கொண்டே தொழிலுக்குப் போவது போல, பாசியும் உடைந்த டி1-ஐக் கழற்றிப் புதிதை மாட்டிக்கொண்டே இருக்கிறது. மருந்து நிறுத்துவது இந்தப் பழுதுபார்ப்பைத்தான். உடைப்பதை வெயில் பார்த்துக்கொள்கிறது. அதனால்தான் ஒரே அளவு மருந்து நிழலில் மெதுவாகவும், உச்சி வெயிலில் சடசடவென்றும் வேலை செய்கிறது.

அப்புறம் ரூபிஸ்கோ. கார்பன் டை ஆக்சைடைப் பிடித்துச் சர்க்கரைக்கு அடித்தளம் போடும் நொதி. பச்சைப்பாசியில் இதன் பெரிய துண்டு பசுங்கணிகத்தில் தயாராகிறது, சிறிய துண்டு வெளியிலிருந்து வருகிறது. பெரியது வராவிட்டால், வந்து சேர்ந்த சிறியதையும் செல் சிதைத்துவிடும். சர்க்கரை குறைகிறது, வளர்ச்சி தேங்குகிறது, பாசி வெளுக்கிறது. பாசி சுவாசிப்பது மட்டும் நிற்பதில்லை. பகலில் சேர்ந்த ஆக்சிஜன் குறைவு, இரவுச் செலவு தொடர்கிறது. விடியற்காலையில் குட்டையில் ஆக்சிஜன் வழக்கத்தைவிடக் கீழே போகும்.

எல்லா ஆன்டிபயாட்டிக்கும் இப்படியில்லை. அமாக்சிசிலின் தாக்குவது பாக்டீரியாவின் செல்சுவரை. பச்சைப்பாசிக்கு அந்த மாதிரிச் சுவரே கிடையாது, பெரும்பாலும் தப்பிவிடும். பாக்டீரியா இனமான நீலப்பச்சைப்பாசிதான் அதில் மாட்டும். அதற்காக யாரும் குட்டையில் அமாக்சிசிலினைக் கொட்டக் கிளம்ப வேண்டாம். சேற்றிலுள்ள பாக்டீரியாக்கள் அதை எதிர்க்கக் கற்றுக்கொள்ளும்.