எடை மெஷின் காட்டும் எண்ணுக்கு யார் பதில் சொல்வது?

"1,200 கலோரி கூடச் சாப்பிடுவதில்லை, ஆனாலும் எடை இறங்க மாட்டேன் என்கிறது." இப்படிச் சொன்ன பத்துப் பேரை நியூயார்க்கில் 14 நாள் ஆராய்ந்தார்கள். முடிவுகள் 1992இல் வெளியாயின. அவர்கள் எழுதிக் கொடுத்த கணக்கு நாளுக்குச் சராசரியாக 1,028 கலோரி. உண்மையில் சாப்பிட்டது 2,081. கன ஹைட்ரஜனும் கன ஆக்சிஜனும் (சாதாரண அணுவைவிட எடை கூடியவை) கலந்த தண்ணீரைக் குடிக்கக் கொடுத்து, அவை சிறுநீரில் எவ்வளவு வேகமாக வெளியேறுகின்றன என்று அளந்தால், உடல் எரித்த கலோரி தெரிந்துவிடும். உடலில் ஏற்பட்ட மாற்றத்தையும் சேர்த்துப் பார்த்தால், உள்ளே போனது எவ்வளவு என்பதும் தெரியும்.

அவர்கள் பொய் சொன்னதாக நான் நினைக்கவில்லை. சமைக்கும்போது ருசி பார்த்தது, குழந்தை தட்டில் மிச்சம் வைத்தது, டீயோடு இரண்டு பிஸ்கட் எல்லாம் மனக்கணக்கில் ஏறுவதே இல்லை. ராத்திரி உட்கார்ந்து யோசித்தாலும் வராது. சாப்பிட்ட கையோடு செல்போனில் குறிப்பதன் பலன் இங்கேதான். 2019இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் 142 பேர் இணையத்தில் உணவைக் குறித்து வந்தார்கள். முதல் மாதம் அதற்கு நாளுக்கு 23 நிமிடம் ஆனது. ஆறாம் மாதம் 15 நிமிடம்கூட ஆகவில்லை. அதிகம் இளைத்தவர்கள் அதிக நேரம் செலவிட்டவர்கள் அல்ல, ஒரு நாளில் பல தடவை குறித்தவர்கள். (ஆர்வம் உள்ளவர்கள்தான் அடிக்கடி குறித்தார்கள் என்றும் இருக்கலாம்.)

சரி, எடைக்கு வருவோம். காலையில் ஒரு கிலோ ஏறியிருந்தால் மனசு உடைந்துவிடுகிறது. ஆனால் ஒரு கிலோ கொழுப்பு சேர ஏறத்தாழ 7,700 கலோரி மிஞ்ச வேண்டும். ஒரு கல்யாணச் சாப்பாட்டில் அது நடக்காது. ஏறியது பெரும்பாலும் தண்ணீர். உப்பு கூடினால் உடல் தண்ணீரைப் பிடித்து வைக்கும். தசையில் சேரும் கிளைக்கோஜனும் (உடல் சேமித்து வைக்கும் மாவுச்சத்து) கிராமுக்குச் சுமார் மூன்று கிராம் தண்ணீரைச் சேர்த்து வைத்துக்கொள்ளும். அதனால் எடையைக் குறித்து வைக்கும் நல்ல செயலிகள் அன்றைய எண்ணை அப்படியே நம்புவதில்லை. நேற்றுவரையான சராசரிக்கு ஒன்பது பங்கு, இன்றைய எடைக்கு ஒரு பங்கு என்று கலப்பது ஒரு வழி. சராசரி 80 ஆக இருந்து இன்று 81 காட்டினால், செயலி வரையும் சராசரிக் கோடு 80.1க்குத்தான் நகரும். பார்க்க வேண்டியது அந்தக் கோட்டை. உணவுக் கோளாறு (பட்டினி கிடப்பது, கட்டுப்பாடின்றிச் சாப்பிடுவது போன்ற மனநலச் சிக்கல்) உள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்காமல் தினமும் எடை பார்க்க வேண்டாம்.

கருவி மட்டும் போதுமா? அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்கில் 471 இளைஞர்களிடம் நடந்த ஆய்வில், உடல் அசைவை அளக்கும், உடலில் அணியும் கருவி தரப்பட்டவர்கள் இரண்டு ஆண்டில் 3.5 கிலோ குறைந்தார்கள். கருவி இல்லாமல் தாங்களே கணக்கு எழுதியவர்கள் 5.9 கிலோ. எண் தானாக வந்து விழுவதும், அதைப் பார்த்து எதையாவது மாற்றுவதும் வேறு வேறு.

அந்த மாற்றத்துக்கு வழி செய்த திட்டம் ஒன்று அமெரிக்காவின் ரோட் ஐலண்டில் நடந்தது. முடிவுகள் 2006இல் வந்தன. எடையில் பத்து சதவீதமாவது குறைத்திருந்த 314 பேர் அதில் இருந்தார்கள். பயிற்சி பெற்றவர்கள் தினமும் எடை பார்க்க வேண்டும். திட்டத்தில் சேர்ந்தபோது இருந்த எடையை ஒட்டி இருந்தால் பச்சை, சிறு பரிசு உண்டு. கொஞ்சம் ஏறினால் மஞ்சள், தானே சரிசெய்துகொள்ள வேண்டும். 2.3 கிலோ ஏறினால் சிவப்பு. ஆலோசகரின் தனி உதவி கிடைக்கும். வெறும் செய்திமடல் மட்டும் பெற்றவர்களில் 72 சதவீதம் பேருக்கு 18 மாதத்தில் அந்த 2.3 கிலோ திரும்பி வந்துவிட்டது. இணையம் வழியாகப் பயிற்சி பெற்றவர்களில் 55 சதவீதம். நேரில் பெற்றவர்களில் 46.